நடக்கும்போது பேச்சு வேண்டாம்

"என்னங்க, வலது கையை ஏன் வீசவே மாட்டேங்குறீங்க? இடுப்போட ஒட்டி வச்ச மாதிரி தொங்குது" என்று நடைப்பயிற்சியின்போது என் மனைவி கேட்டாள். நான் கவனித்ததே இல்லை. எனக்கு வந்திருப்பது பார்க்கின்சன் என்று நரம்பியல் மருத்துவர் சொன்னபோதுதான் அந்தக் கை ஞாபகத்துக்கு வந்தது. நடுக்கம் அதற்கும் பல மாதம் கழித்துத்தான் எட்டிப் பார்த்தது.

லெவோடோபா மாத்திரை எழுதிக் கொடுத்து, "தினமும் நல்லா நடங்க" என்றார் மருத்துவர். எப்படி நடப்பது என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை. நடக்கத் தெரியாதா என்ன? விறுவிறுவென நடந்தால் நோய் ஓடிவிடும் என்கிற வேகத்தில் கிளம்பினேன். பத்து நாளில் குப்புற விழுந்தேன். அடி சிறுத்துக்கொண்டே போனது, வேகம் மட்டும் கூடியது. உடம்பு முன்னால் போய்விட்டது, கால் அதைத் துரத்திக்கொண்டு ஓடியது, நிறுத்த முடியவில்லை. 1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, முன்னால் குனிவதும் நடை ஓட்டமாக மாறுவதும் இருக்கிறதாம். இருநூறு வருஷமாகத் தெரிந்த விஷயத்தை நான் முட்டி சிராய்த்துத் தெரிந்துகொண்டேன்.

அதன் பிறகுதான் பிசியோதெரபிஸ்டிடம் போனேன். நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி நேரம் பார்த்தார். 19 விநாடி. அடுத்து, நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துச் சொல்லிக்கொண்டே நடக்கச் சொன்னார். 97, 94, 91... அங்கேயே நின்றுவிட்டேன். எண்ணிக்கை நிற்கவில்லை, கால் நின்றுவிட்டது.

அவர் சொன்னது இதுதான். பழகிய அசைவுகளை நாம் யோசிக்காமலே நடத்திக்கொடுக்கும் பகுதி மூளையின் ஆழத்தில் இருக்கிறது. இந்த நோயில் டோபமின் என்கிற மூளை ரசாயனம் குறையும்போது அது தடுமாறுகிறது. ஆனால் கவனம் வைத்து வேண்டுமென்றே எடுத்து வைக்கும் அடிக்கு மூளை வேறு வழியைப் பயன்படுத்திக்கொள்ளும். "இனிமே நடக்கிறது கால் வேலை கிடையாது சார், தலை வேலை" என்றார்.

தரையில் ஒரு எட்டு தூரத்துக்கு ஒன்றாகக் குறுக்கே டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தாண்டச் சொன்னார். வெறும் தரையில் இழுத்துக்கொண்டு வந்த கால், கோட்டைப் பார்த்ததும் ஒழுங்காகத் தூக்கி வைத்தது. எனக்கே நம்ப முடியவில்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும் நான் சரியாக இருப்பதன் ரகசியமும் அன்றுதான் விளங்கியது. ஒவ்வொரு படியும் ஒரு கோடுதானே.

வெளியே கோடு கிடையாது என்பதால் செல்போனில் மெட்ரோனோம், அதாவது சீராகத் தாளம் தட்டும் செயலி. ஒரு தட்டுக்கு ஓர் எட்டு. என் இயல்பான நடை நிமிடத்துக்கு 92 எட்டு. 100-இல் வைத்துக் கொடுத்தார். அதிகப்பிரசங்கித்தனமாக நான் 115 வைத்துப் பார்த்தேன். பழைய ஓட்டம் திரும்ப வந்துவிட்டது. வேகத்தைவிட அடியின் நீளம்தான் முக்கியம்: குதிகால் முதலில் பதிய வேண்டும், பெரிய அடி, கை வீச்சு. "பெருசா, பெருசா" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நடப்பேன்.

வாசற்படியிலும் சட்டென்று திரும்பும்போதும் கால் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும். முன்பெல்லாம் மனைவி கையைப் பிடித்து இழுப்பாள். உடம்பு வரும், கால் வராது, விழத்தான் செய்வேன். இப்போது நின்று, நிமிர்ந்து, எடையை இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் இரண்டு தடவை மாற்றி, பிறகு பெரிய அடி. அதற்கும் மசியவில்லையென்றால் அவள் தன் காலை என் முன்னால் குறுக்கே நீட்டுவாள், நான் தாண்டுவேன். பார்க்கிறவர்கள் அவள் தடுக்கிவிடுகிறாள் என்றே நினைப்பார்கள். திரும்புவதையும் மாற்றிக்கொண்டேன்: நின்ற இடத்தில் சுழலாமல், அரைவட்டமாகச் சுற்றி வருகிறேன்.

நேரம் இன்னொரு பாடம். மாத்திரை போட்டு முக்கால் மணி கழித்துக் கிளம்பினால் எனக்கு உடம்பு சொன்னபடி கேட்கிறது. ஒருநாள் உற்சாகத்தில் நேராக வெகுதூரம் போய்விட்டு, மாத்திரையின் வேகம் இறங்கிய பிறகு திரும்ப வந்த கதையைச் சொல்லி மாளாது. அதிலிருந்து வீட்டைச் சுற்றிச் சின்னச் சின்னச் சுற்றுதான். எழுந்ததும் தலை சுற்றுவதால், கட்டில் விளிம்பில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டே எழுகிறேன்.

மூன்று மாதத்தில் அந்த 19 விநாடி 13 ஆனது. நோய் குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். நடுக்கம் அப்படியேதான் இருக்கிறது.

கஷ்டமாக இருந்தது பேச்சை விட்டதுதான். கல்யாணம் ஆன நாள் முதல் எங்களுக்கு நடை என்றால் பேச்சு. சண்டை, சமாதானம், ஊர் வம்பு எல்லாம் அதில்தான். இப்போது பேசினால் என் அடி சுருங்கிவிடுகிறது. அதனால் ஒரு ஏற்பாடு: இரண்டு சுற்று வாயே திறக்காமல் நடப்பது, பிறகு பெஞ்சில் உட்காருவது. அவள் இரண்டு சுற்றிலும் சேர்த்து வைத்துக்கொண்டே வருவாள். நேற்று பெஞ்சு கண்ணில் பட்டதுமே பொறுக்காமல் "என்னடி விஷயம்?" என்றேன்.

"முதல்ல குதிகாலை வைங்க. உட்கார்ந்தப்புறம் சொல்றேன்."