அமெரிக்க வரலாறு பேப்பர்: நான் சிகாகோவை வச்சுப் படிச்ச கதை

எம்.ஏ. ஹிஸ்டரில அமெரிக்க வரலாறு பேப்பர் எனக்கு முதல் தடவை அரியர் விழுந்துச்சு. படிக்காம இல்ல. 1896, 1954, 1964, 1965னு தீர்ப்பும் சட்டமும் வருஷத்தோட மனப்பாடம், ஆனா கேள்வி இனப்பாகுபாடு 20ஆம் நூற்றாண்டு அமெரிக்க அரசியலை எப்படி மாத்துச்சுன்னு விவாதிக்கச் சொல்லி வந்துச்சு, நான் தேதிவாரியா எழுதி வச்சுட்டு வந்துட்டேன், ஒன்னுல இருந்து இன்னொன்னு எப்படி வந்துச்சுன்னு ஒரு வரி எழுதல.

ரெண்டாவது தடவை ஒரே ஒரு ஊரை எடுத்துக்கிட்டேன். சிகாகோ. மத்ததெல்லாம் அதுல இருந்து கிளை மாதிரி பிரிஞ்சு போச்சு.

முதல்ல மேப்ப எடுத்து தெற்கு மாநிலமான மிசிசிப்பில இருந்து சிகாகோ வரைக்கும் ரயில் லைனை பென்சில்ல போடுங்க. 1910கள்ல இருந்து 1970 வரைக்கும் சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வடக்கு, மேற்கு நகரங்களுக்குக் கிளம்பிப் போனாங்க, முதல் உலகப்போர்னால ஐரோப்பாவுல இருந்து ஆள் வரத்து குறைஞ்சு ஃபேக்டரிகளுக்கு ஆள் தேவைப்பட்டுச்சு, இந்தப் பக்கம் தெற்குல பருத்திக்காட்டுல விளைச்சல் பங்குக்கு உழுது தீராத கடன், கும்பல் கொலை, ஓட்டும் கிடையாது. அங்க வேலை இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுதுன்னா, சிகாகோ டிஃபெண்டர்னு ஒரு கறுப்பினப் பத்திரிகை, அதை ரயில்ல வேலை பாத்த போர்ட்டர்ங்க தெற்கு வரைக்கும் கொண்டு போய்க் கொடுத்தாங்க.

இப்ப அரசியலுக்கு வாங்க, மார்க் இங்கதான் இருக்கு. தெற்குல ஓட்டு போட விடாத அதே மனுஷன் சிகாகோல இறங்குனதும் வாக்காளர். 1928ல ஆஸ்கர் டி பிரீஸ்ட் அங்க இருந்து காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு ஜெயிச்சாரு, வட மாநிலத்துல இருந்து போன முதல் கறுப்பின உறுப்பினர். அடிமை முறையை ஒழிச்ச லிங்கனோட கட்சின்னு குடியரசுக் கட்சி பக்கம் இருந்த ஓட்டு, 1936ல ஜனநாயகக் கட்சி அதிபர் ரூஸ்வெல்ட் பக்கம் பெருசா சாய்ஞ்சுது. ஜனநாயகக் கட்சிக்கு வடக்குல இந்த ஓட்டு வேணும், தெற்குல வெள்ளையர் ஓட்டும் வேணும், ஒரே கட்சிக்குள்ள எத்தனை நாளைக்கு ஓடும்? 1948ல சிவில் உரிமை தீர்மானத்தை எதிர்த்து தெற்கு ஆளுங்க கட்சி மாநாட்டை விட்டு வெளியேறி தர்மண்டை தனியா அதிபர் தேர்தல்ல நிறுத்தி 39 எலக்டோரல் ஓட்டு (மாநிலவாரியா அதிபருக்குக் கிடைக்குற ஓட்டு) வாங்குனாங்க, 1964ல சிவில் உரிமைச் சட்டத்தை எதிர்த்த குடியரசுக் கட்சி வேட்பாளர் கோல்ட்வாட்டர், மிசிசிப்பி, அலபாமா மாதிரி ஆழ்தெற்குல 5 மாநிலம் ஜெயிச்சாரு. இதை மட்டும் புரிஞ்சுக்கிட்டா பாதி பேப்பர் கையில.

கலாச்சாரத்தைத் தனி சேப்டரா படிக்காதீங்க. கறுப்பின மக்களோட ப்ளூஸ் இசையைப் பாடுன மடி வாட்டர்ஸ் 1943ல மிசிசிப்பில இருந்து அதே சிகாகோவுக்கு வந்தவரு, கிளப் சத்தத்துல சாதா கிட்டார் கேக்காதுன்னு எலக்ட்ரிக் கிட்டாருக்கு மாறுனாரு, அந்த ஊர் ப்ளூஸ் அப்படி வளந்துச்சு.

வடக்கு சொர்க்கம்னு மட்டும் எழுதிடாதீங்க, நான் முதல் தடவை அப்படித்தான் எழுதுனேன். 1919 ஜூலைல சிகாகோ ஏரில மிதந்துக்கிட்டு இருந்த கறுப்பினப் பையன் வெள்ளையர் பக்கம் தள்ளிப் போய்ட்டான்னு கல்லெறிஞ்சாங்க, பையன் செத்துட்டான், தொடர்ந்த கலவரத்துல 38 பேர் செத்தாங்க. 1930கள்ல அரசாங்க அமைப்பே மேப்புல கறுப்பின ஏரியாவுக்கு சிவப்புக் கலர் அடிச்சு வச்சுது, அங்க வீட்டுக் கடன் கிடைக்காது. 1966ல மார்ட்டின் லூதர் கிங் சிகாகோல குடியேறி வீட்டுப் பிரச்சினைக்கு ஊர்வலம் போனப்ப தலைல கல் பட்டுச்சு, மிசிசிப்பி அலபாமால கூட இப்படி ஒரு வெறுப்பைப் பாத்ததில்லன்னு அவரே சொன்னாரு.

எனக்கு மனசுல தங்குனது எம்மெட் டில். 14 வயசு சிகாகோ பையன், 1955 ஆகஸ்ட்ல சொந்தக்காரங்க வீட்டுக்கு மிசிசிப்பி போறான், ஜனங்க தப்பிச்சு வந்த பாதைல திரும்பிப் போறான். வெள்ளைக்காரப் பொண்ணைப் பாத்து விசிலடிச்சான்னு சொல்லி ராத்திரில தூக்கிட்டுப் போய் அடிச்சுக் கொன்னு ஆத்துல போட்டாங்க. சவப்பெட்டியை மூட வேணாம், எம் புள்ளைக்கு என்ன பண்ணாங்கன்னு ஊரே பாக்கட்டும்னு அவங்க அம்மா நின்னாங்க. ஜெட்னு ஒரு கறுப்பினப் பத்திரிகை அந்த ஃபோட்டோவைப் போட்டுச்சு. 12 வெள்ளை ஆண்கள் இருந்த ஜூரி, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல பேசிட்டு விடுதலைன்னுட்டாங்க. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு வேற எதுவும் ஓடல. கொலை நடந்து மூணு மாசம் கழிச்சு அலபாமா மான்ட்கோமரில, பஸ்ல வெள்ளைக்காரருக்கு சீட்டை விட மறுத்த ரோசா பார்க்ஸ் கைது, 381 நாள் பஸ் புறக்கணிப்பு. இங்க கிங்கோட நிறுத்திடாதீங்க, ராத்திரியோட ராத்திரியா ஆயிரக்கணக்குல நோட்டீஸ் அடிச்ச ஜோ ஆன் ராபின்சனையும், மார்ச்லயே சீட்டை விட மாட்டேன்னு கைதான 15 வயசு கிளாடெட் கோல்வினையும் எழுதுங்க.

ரெண்டாவது எக்ஸாம்ல அதே மாதிரி கேள்வி வந்துச்சு. முதல் பத்தியை, பள்ளிகள்ல இனப்பிரிவினை செல்லாதுன்னு சொன்ன 1954 தீர்ப்புல ஆரம்பிக்கல, எம்மெட் டில் சிகாகோல ரயில் ஏறுனதுல இருந்து ஆரம்பிச்சேன், அங்க இருந்து பின்னாடி 1919, 1928, முன்னாடி 1964, 1966னு தானா வந்துக்கிட்டே இருந்துச்சு, அடிஷனல் ஷீட் ரெண்டு வாங்குனேன்.