குளச்சலும் மணக்குடியும் ஒரே ஃபோல்டரில்

ஜூன் 7, நாகர்கோவில்

மாமாவின் ஸ்டுடியோ நெகட்டிவ்களைக் கணினியில் ஸ்கேன் செய்து வைக்கும் வேலையில், இன்று கலர் ரோல்களை ஆரம்பித்தேன். பெரும்பாலும் எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் நடந்த கல்யாணங்கள். குளச்சல், மணக்குடி, முட்டம் என்று பட்டர் பேப்பர் உறைகளில் ஊர்ப்பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். 2004 சுனாமியில் கடற்கரை வீடுகளோடு ஆல்பங்களும் போய்விட்டன. சில குடும்பங்களுக்கு இந்த நெகட்டிவைத் தவிர வேறு பிரதி கிடையாது. அதனால் இந்த வேலையில் அவசரப்பட எனக்கு மனமில்லை.

மழை பிடித்துவிட்டது. பிலிமின் ஜெலட்டின் படலத்தில் ஈரம் ஏறினால் பூஞ்சை வந்துவிடும். ஸ்கேன் செய்யும் ஸ்ட்ரிப்பை (ரோலிலிருந்து வெட்டிய பிலிம் துண்டை) மட்டும் வெளியே எடுக்கிறேன், மற்றதெல்லாம் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில்.

ஜூன் 8

நிறம் ஓடுகிறது. ஒரே ரோல், ஒரே வெளிச்சம், ஆனால் சிவப்புப் பட்டு நிறைந்த படத்தில் முகங்கள் பச்சை கலந்த நீலமாக வருகின்றன. அடுத்த படத்தில் கடலும் மணலும். அது சரியாக இருக்கிறது. காரணம் புரிந்ததுதான். ஸ்கேன் மென்பொருள் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகப் பார்த்து நிறத்தைச் சமன் செய்கிறது. படத்தில் சிவப்பு அதிகமென்றால் அதைக் குறைக்க எதிர்ப்பக்கம் தள்ளிவிடுகிறது.

கலர் நெகட்டிவின் தளமே ஆரஞ்சு நிறம். இரண்டு படங்களுக்கு நடுவில் ஒளி படாத வெற்று இடத்தில் அந்த ஆரஞ்சை அளந்து, முழு ரோலுக்கும் அதையே பூட்டிவிட்டால் நிறம் நிலையாக நிற்கும். போன மாதம்வரை அப்படித்தான் செய்தேன். மே மாத அப்டேட்டுக்குப் பிறகு, ஸ்ட்ரிப்பை மாற்றினாலே பூட்டு தானாகத் திறந்துகொள்கிறது. ஸ்ட்ரிப்புக்கு ஒருமுறை கையால் பூட்டி ஒப்பேற்றினேன்.

ஜூன் 10

குளச்சலில் இருந்து ஒரு தங்கை போன் செய்தாள். "அண்ணா, அம்மா அப்பா கல்யாணப் படம் ஒண்ணாவது கெடச்சுதா?" அந்த ரோலை நேற்றுதான் முடித்திருந்தேன். கிடைத்தது, அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு முதல் படத்தைத் திறந்தால் வேறு யாரோ. பக்கத்தில் இருந்த மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "இது மணக்குடி கோயில்லா மக்ளே" என்றார்.

ஃபோல்டரின் அளவைப் பார்த்தேன். நான் ஸ்கேன் செய்யும் தரத்தில் (2400 டிபிஐ, 48 பிட்) 35 மி.மீ. படம் ஒன்று சுமார் 46 எம்பி வரும். 36 படமுள்ள ரோலுக்கு ஏறத்தாழ 1.6 ஜிபி. இரண்டு ரோல் ஸ்கேன் ஆகியிருக்கிறது, இருப்பதோ ஒரு ரோலின் அளவுதான். ஃபோல்டரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் அடிக்கோடுகள், எட்டு.

இன்றிரவு தூக்கம் வராது. நெகட்டிவ் கையில் இருக்கிறது, மறுபடி ஸ்கேன் செய்துகொள்ளலாம். ஆனால் ஸ்கேன் செய்து முடித்த நெகட்டிவை வீட்டுக்காரர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு இப்படி நடந்திருந்தால்?

ஜூன் 11

காலையில் முழுக்கச் சோதனை. ஃபோல்டரின் பெயராக ஊர்ப்பெயரை நான் தமிழில் கொடுக்கிறேன். புதிய பதிப்புக்குத் தமிழ் எழுத்து பிடிபடவில்லை, ஒவ்வொரு குறிக்கும் ஓர் அடிக்கோடு போட்டுவிடுகிறது. கணினிக் கணக்கில் 'ச்' என்பது இரண்டு: சகரம் ஒன்று, புள்ளி ஒன்று. 'கு'வும் அப்படியே இரண்டு. எண்ணிப் பார்த்தால் குளச்சலுக்கு எட்டு, மணக்குடிக்கும் எட்டு. இரண்டும் ஒரே பெயராகி, இரண்டாவது ரோல் 001-இல் தொடங்கி முதல் ரோலின் மேலேயே எழுதிக்கொண்டு போயிருக்கிறது. ஒரு கேள்வி கேட்கவில்லை, ஓர் எச்சரிக்கை காட்டவில்லை.

உறுதி செய்ய, வெற்று ஸ்ட்ரிப்பை வைத்து 'கருங்கல்' என்று கொடுத்தேன். அதற்கும் எட்டுக் குறி. அதே ஃபோல்டரில் போய் விழுந்தது. 'முட்டம்' ஏழு, தனியாக நின்றது. பழைய பதிப்பை இன்னொரு கணினியில் போட்டுப் பார்த்தேன். நான்கு பெயர்களும் தமிழிலேயே அழகாக வந்தன.

ஜூன் 12

எழுதுவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. முதலில் எழுதியதில் கோபம் மட்டும்தான் இருந்தது, அதை அனுப்பவில்லை. அந்த மென்பொருளைச் செய்கிறவர்கள் சிறிய குழு. நான் சொல்வதைத் தங்கள் மேசையிலேயே நடத்திப் பார்க்க முடிந்தால்தான் திருத்துவார்கள். தமிழ் தெரியாதவரும் சோதிக்க வேண்டுமே என்று இரண்டு ஊர்ப்பெயர்களையும் அப்படியே நகலெடுத்து ஒட்டும்படி கொடுத்தேன். பழைய பதிப்பின் எண், புதிய பதிப்பின் எண், விண்டோஸ் பதிப்பு, செய்த படிகள், எதிர்பார்த்தது, நடந்தது, மென்பொருள் தானே எழுதிவைக்கும் பதிவுக் கோப்பு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி: "இது படங்களை அழிக்கிறது." தமிழ்ப் பெயர் சரியாக வருவது பிறகு இருக்கட்டும், ஏற்கனவே உள்ள கோப்பின் மேல் கேட்காமல் எழுதுவதை முதலில் நிறுத்துங்கள் என்று கேட்டேன். என் ஊர்ப்பெயர் தமிழில் வரவேண்டும் என்ற ஆசை எனக்கு நிறையவே உண்டு. ஆனாலும் இந்த வரிசைதான் நியாயம்.

நிறப்பூட்டு விஷயத்தைத் தனி மடலாக அனுப்பினேன். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஒன்று மறந்துபோகும்.

மூன்றாவதாக ஒரு யோசனையும் எழுதினேன். தூசி நீக்கும் அகச்சிவப்பு வசதி கலர் பிலிமில் அருமையாக வேலை செய்கிறது. அதை மனமாரப் பாராட்டினேன். கலர் பிலிமில் படமாக நிற்கும் சாயங்களுக்குள் அகச்சிவப்பு புகுந்து போய்விடும், தூசி மட்டும் மறைக்கும். கறுப்பு வெள்ளை பிலிமிலோ படமே வெள்ளித் துகள். அதுவும் அகச்சிவப்பை மறைப்பதால், முடியையும் கண்ணையும் தூசி என்று நினைத்து அழித்துவிடும். கறுப்பு வெள்ளை என்று தேர்ந்தெடுத்ததும் அந்த வசதி தானாக அணைந்துவிட வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் இதில் நிறைய படங்களைக் கெடுத்துவிடுகிறார்கள்.

ஜூன் 16

குளச்சல் ரோலைப் பழைய பதிப்பில் மறுபடி ஸ்கேன் செய்தேன். அந்தத் தங்கைக்குப் படங்கள் போய்ச் சேர்ந்தன.

ஜூன் 19

பதில் வந்தது. இரண்டு ஊர்ப்பெயர்களையும் ஒட்டிப் பார்த்ததில் அவர்களிடமும் உடனே அதே கோளாறு தெரிந்ததாம். நிறப்பூட்டு சம்பந்தமாக ஒரு மாதிரி ஸ்கேன் கேட்டிருக்கிறார்கள். யாருடைய கல்யாணப் படத்தையும் முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்ப மாட்டேன். மாமா எடுத்த வட்டக்கோட்டைப் படங்கள் உள்ள ஸ்ட்ரிப்பை, மென்பொருள் கைவைக்காத மூலத் தரவாக அனுப்பினேன்.

ஜூன் 26

சோதனைப் பதிப்பு அனுப்பியிருக்கிறார்கள். அதே பெயர் மறுபடி வந்தால் நின்று கேட்கிறது. குளச்சல் குளச்சலாகவும் மணக்குடி மணக்குடியாகவும் வருகின்றன. நிறப்பூட்டு ஸ்ட்ரிப் மாறினாலும் நிற்கிறது, ஆனால் மென்பொருளை மூடித் திறந்தால் போய்விடுகிறது. படத்தின் உள்ளே எழுதும் குறிப்பில் தமிழ் இன்னும் கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது. இரண்டையும் படிகளோடு எழுதி அனுப்பிவிட்டேன். அகச்சிவப்பு யோசனைக்கு இன்னும் பதில் இல்லை. அடுத்த வாரம் மறுபடி கேட்பேன். அதுவரை முட்டம் ரோல்கள் பழைய பதிப்பில்தான்.