கீழ் வரிசை

மார்ச் 3
முதுகு பரவாயில்லை. சாக்ஸ் போட மட்டும் இன்னும் கட்டிலில் மல்லாந்து படுக்க வேண்டியிருக்கிறது.

மார்ச் 4
மறுபடி பயிற்சி வகுப்பு. முட்டியை மடக்கு, முதுகை நேராக வை, பெட்டியை உடம்போடு அணைத்துத் தூக்கு. காலி அட்டைப்பெட்டியை வைத்துக் காட்டினார்கள். காலிப் பெட்டி என்றால் நானும் ராஜா மாதிரி தூக்குவேன். நிஜப் பெட்டி 18 கிலோ, பேலட்டின் (சரக்கு அடுக்கும் தட்டு) கீழ் வரிசையில், உள்ளே தள்ளி இருக்கிறது, முட்டியை மடக்கினால் முட்டி போய்ப் பேலட்டில் இடிக்கிறது, அப்புறம் எங்கே அணைப்பது? கேட்டேன். சிரித்தார்கள்.

மார்ச் 6
எல்லோருக்கும் இடுப்பு பெல்ட். தொப்பை உள்ளே போனது, அதுதான் லாபம். அடிபடாதவர்களுக்கு இது காப்பு என்பதற்கு ஆதாரமில்லை என்று அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நையாஷ் (NIOSH) 1994-லேயே சொல்லிவிட்டது.

மார்ச் 7
இடது கால் மரத்தது. தூக்கமில்லை.

மார்ச் 9
டேப் கொண்டுபோய் அளந்தேன். கணுக்காலிலிருந்து பெட்டியைப் பிடிக்கும் கை வரை 50 செ.மீ. எவ்வளவு எடை தூக்கலாம் என்று நையாஷ் 1991-இல் திருத்திய கணக்கில், எல்லாம் சாதகமாக இருந்தால்கூட 23 கிலோதான் வரம்பு. அது 25 செ.மீ. தூரத்துக்கு. 50 என்றால் பாதி, 11.5. கை தரை மட்டத்துக்கு இறங்கினால் 0.775-ஆல் இன்னொரு பெருக்கல், 9 கிலோகூடத் தேறவில்லை. திரும்புவதையும், நிமிடத்துக்கு எத்தனை தடவை என்பதையும் நான் சேர்க்கவே இல்லை. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். வகுப்பில் திட்டு வாங்கியது என் முட்டி!

மார்ச் 10
இன்று மரக்கவில்லை.

மார்ச் 12
இரவில் படுத்திருக்கும்போது முதுகெலும்பு வட்டுகள் நீரை இழுத்து உப்புமாம், அதனால் எழுந்ததும் கொஞ்ச நேரம் ஆழமாகக் குனிய வேண்டாம் என்கிறார் பிசியோ. சரி. காலை ஷிப்டில் முதல் வேலையே கீழ் வரிசை.

மார்ச் 15
கணக்குத் தாளை சூப்பர்வைசரிடம் நீட்டினேன். லிஃப்ட் டேபிள், அதாவது சரக்கை உயர்த்தித் தரும் மேசை, கேட்டு எழுதுகிறேன் என்றார். அதுவரைக்கும் அடியில் இரண்டு காலி பேலட். கிட்டத்தட்ட ஒரு அடி உயரம்தான், ஆனால் மதியம் வரை முதுகு ஞாபகமே வரவில்லை. உள் வரிசைக்குச் சுற்றிப் போய் எடுக்கவும் இடம் விட்டிருக்கிறோம்.

மார்ச் 17
பக்கத்து வரிசைப் புதுப் பையன் இடுப்பில் கை ஊன்றி நின்றான். கேட்டால், "ஒண்ணும் இல்லண்ணே." நானும் இரண்டு மாதம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' பலகை தொங்கும்போது எண்ணைக் கெடுத்தவன் என்ற பேரை யார் வாங்குவார்கள்? அவனைக் கூட்டிப்போய் வலி இருக்கிறதென்று எழுதிக் கொடுக்க வைத்தேன். என்மேல் கோபமாக இருக்கிறான்.

மார்ச் 20
டேபிள் வந்துவிட்டது! பக்கத்தில் பிளக் பாயிண்ட் இல்லை.

மார்ச் 21
எலக்ட்ரீஷியன் நாளை வருவாராம். பையன் இன்று வரவில்லை.