பன்னிரண்டு மாதக் கெடுவுக்குள் அரசின் மெடிகேருக்குத் திரும்பினேன்

2025 பிப்ரவரியில் எனக்கு 65 வயது நிறைந்து, அமெரிக்காவின் நியூஜெர்சியில், மூத்தோருக்கு அரசு தரும் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்குத் தகுதி பெற்றேன். பத்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து வரி கட்டியிருந்ததால் மருத்துவமனைச் செலவுக்கான பார்ட் ஏ-க்குப் பிரீமியம் இல்லை. மருத்துவர் கட்டணத்துக்கான பார்ட் பி-க்கு 2025-இல் மாதம் 185 டாலர். அரசின் மெடிகேருக்குப் பதிலாகத் தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜில் சேர்ந்தாலும் இந்தப் பார்ட் பி பிரீமியத்தைக் கட்டித்தான் ஆக வேண்டும். 'பிரீமியம் பூஜ்யம்' என்ற விளம்பரத்தைப் பார்க்கிற பலர் இதைக் கவனிப்பதில்லை.

அரசின் பழைய மெடிகேரில், ஆண்டின் முதல் செலவுத் தொகையை (2025-இல் 257 டாலர்) நாமே கட்டியபின், பார்ட் பி செலவில் 20 சதவீதம் நம் பொறுப்பு. அதற்கு உச்சவரம்பே கிடையாது. அந்த ஓட்டையை அடைக்க, தனியார் விற்கும் துணைக் காப்பீடான மெடிகாப் பாலிசி வேண்டும். எனக்குச் சொன்ன விலை, மருந்துக்கான பார்ட் டி-யையும் சேர்த்து, மாதம் 195 டாலர், ஆண்டுக்கு 2,340. அட்வான்டேஜிலோ கூடுதல் பிரீமியம் இல்லை, பல்லுக்கும் கண்ணாடிக்கும் உதவி உண்டு, என் திட்டத்தில் கையிலிருந்து போகும் செலவுக்கு ஆண்டு உச்சவரம்பு 6,700 டாலர். உடம்பு நன்றாக இருந்ததால் அதிலேயே சேர்ந்தேன்.

ஜூலையில் இடுப்பிலிருந்து கால்வரை வலி இறங்கியது. மருத்துவர் எம்.ஆர்.ஐ. எழுதிக்கொடுத்தார், ஆனால் மருத்துவத் தேவை போதுமான அளவு காட்டப்படவில்லை என்று காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து மறுப்புக் கடிதம் வந்தது. மருத்துவர் மேல்முறையீடு செய்து அனுமதி கிடைக்க ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரமும் நான் சாய்வு நாற்காலியில்தான் தூங்கினேன். ஸ்கேனைப் பார்த்தபின் அவர் பரிந்துரைத்த அறுவை நிபுணர் என் திட்டத்தின் நெட்வொர்க்கில், அதாவது அதனோடு ஒப்பந்தமுள்ள மருத்துவர் பட்டியலில், இல்லை.

மூத்தோருக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் 'ஷிப்' என்ற அரசுச் சேவைக்கு அக்டோபரில் போனேன். அங்கிருந்த அம்மையார் முதலில் கேட்டது, நான் திட்டத்தில் சேர்ந்த தேதியை. 65 வயதில் முதன்முதலாக அட்வான்டேஜில் சேர்ந்தவர் பன்னிரண்டு மாதத்துக்குள் பழைய மெடிகேருக்குத் திரும்பினால், உடல்நிலையைக் காரணம் காட்டி எந்த மெடிகாப் நிறுவனமும் மறுக்க முடியாது என்று விளக்கினார். அந்தக் கெடு தாண்டினால், பெரும்பாலான மாநிலங்களில் நோய் வரலாற்றைக் கேட்டு மறுக்கலாம். முதுகுவலியோடு போகிற எனக்குக் கதவு அடைபட்டிருக்கும்.

வரிசை முக்கியம் என்றார், அப்படியே செய்தேன். நவம்பர் முதல் வாரத்தில் மெடிகாப் வகைகளில் ஒன்றான 'பிளான் ஜி'-க்கு விண்ணப்பித்து, ஏற்புக் கடிதம் கைக்கு வரும்வரை அட்வான்டேஜ் திட்டத்தை விடவில்லை. வந்தபின் தனி பார்ட் டி திட்டத்தில் சேர்ந்ததும் அட்வான்டேஜ் தானாகவே ரத்தாகி, டிசம்பர் 1 முதல் பழைய மெடிகேர் நடைமுறைக்கு வந்தது.

டிசம்பர் நடுவில் அதே நிபுணரிடம் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். முன் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. அட்வான்டேஜில் ஆண்டு முழுவதும் கட்டிய பணம் கணக்கில் வராது என்பதால் 257 டாலரை அந்த ஒரு மாதத்துக்காகக் கட்ட நேர்ந்தது. பார்ட் ஏ-யில் நாம் முதலில் கட்ட வேண்டியிருந்த 1,676 டாலரையும் மருத்துவர் கட்டணத்தின் 20 சதவீதத்தையும் பிளான் ஜி ஏற்றுக்கொண்டது. பல்லுக்கு இப்போது கையிலிருந்துதான் கட்டுகிறேன்.

என் மனைவிக்கு அடுத்த ஆண்டு 65 நிறைகிறது. பார்ட் பி தொடங்கும் நாளிலிருந்து ஆறு மாதம் எந்த மெடிகாப் பாலிசியையும் உடல்நலக் கேள்வியின்றி வாங்கலாம் என்பதால், அந்தத் தேதியை நாட்காட்டியில் இப்போதே குறித்து வைத்திருக்கிறோம்.