இரண்டு பேர் சத்தமாக வாசிக்கிற கந்தோர்

எங்கள் கந்தோருக்கு முதல்முறை வருகிறவர்கள் வாசலில் ஒருகணம் நின்றுவிடுவார்கள். உள்ளே யாரோ பாடம் ஒப்புவிப்பது போலக் கேட்கும். "முதலாம் எதிரி, காற்புள்ளி, மேற்கூறப்பட்ட திகதியில், காற்புள்ளி..." ஒருவர் மூலப்பிரதியை வாசிப்பார். மற்றவர் கணினியில் அடித்தெடுத்த தாளில் அடிமட்டத்தை வைத்து வரிவரியாக இறக்கிக்கொண்டு வருவார்.

திருகோணமலையில் குற்ற வழக்குகளை நடத்தும் அரச சட்டத்தரணிமாருக்கு எழுத்து வேலை பார்க்கிற ஏழு பேருக்கு நான் பொறுப்பு. பதவியின் பெயர் முகாமைத்துவ சேவை அது இது என்று நீளும். ஊரில் கேட்டால் "கிளாக்கர் அக்கா"தான்.

இந்த வாசிப்பு ஒரு ஹெரோயின் வழக்கால் வந்தது. சில வருடங்களுக்கு முன்பு. போதைப்பொருள் சட்டத்தின் 1984ஆம் ஆண்டுத் திருத்தப்படி, தூய ஹெரோயின் 2 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. அதற்குக் குறைந்தால் கணக்கு வேறு. இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கையில் இரண்டு நிறை இருக்கும்: பொட்டலத்துத் தூளின் மொத்த நிறை ஒன்று, அதற்குள் இருக்கும் தூய ஹெரோயினின் நிறை இன்னொன்று. அந்த வழக்கில் தூள் 4 கிராமுக்கு மேல். தூயது 1 கிராமும் சில்லறையும். கந்தோரில் தட்டச்சு செய்கிற எங்கள் பிள்ளை மேல் வரியைப் பார்த்து, தூளின் நிறையையே தூயதின் நிறையாக அடித்துவிட்டாள்.

வழக்கை நடத்துகிற சட்டத்தரணி சேர் கையெழுத்து வைக்கும் முன்பே கண்டுவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த எண்ணைச் சுற்றிப் பென்சிலால் சின்ன வட்டம் போட்டு, பைலை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை. பிள்ளை அழுதாள். நான் அவளை ஒன்றும் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாயும் இல்லை, ஏனென்றால் அந்தத் தாளின் ஓரத்தில் "சரிபார்த்தது" என்று கிறுக்கியிருந்தது என் கை. அன்றைக்கு மத்தியானம் பதினாறு தாள் பார்த்திருந்தேன். பதினேழாவதைக் கண் பார்த்தது, மூளை பார்க்கவில்லை.

அடுத்த நாளே வாசிப்பு தொடங்கியது. முதல் ஒரு மாதம் எல்லோருக்கும் வெட்கம். "மிஸ், நேர்சரி மாதிரி இருக்கு" என்றார்கள். ஒரு நாளைக்கு முடிகிற பைல்களும் குறைந்தன. மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

எங்கள் ஆட்களில் ஆகச் சிறந்த வாசிப்பாளர் யார் என்று நினைக்கிறீர்கள்? கந்தளாயிலிருந்து வருகிற சிங்களத் தம்பி. வடக்கு கிழக்கில் நீதிமன்றத்தின் மொழி தமிழ். ஆனால் சில பொலிஸ் நிலையங்களிலிருந்து வருகிற குறிப்புகள் சிங்களத்தில் இருக்கும், மொழிபெயர்த்துத்தான் வழக்குக் கோவையில் சேர்க்க வேண்டும். அதற்காகத்தான் அவனை எடுத்தேன். போகப்போகத்தான் தெரிந்தது, தமிழில் அவன் தட்டுத்தடுமாறி வாசிப்பதுதான் எங்களுக்கு லாபம் என்று. நமக்குத் தாய்மொழி, பாதிச் சொல்லைப் பார்த்ததுமே மீதியை வாய் சொல்லிவிடும். அவன் எழுத்தெழுத்தாகப் போவான். "அக்கா, இறக்கக்கண்டிக்கு எந்த ர? இங்க ஒண்டு, அங்க வேற." சிங்களம் வழியாக வந்தால் ர, ற பேதம் போய்விடும். ழகரம் கேட்கவே வேண்டாம். ஊர்ப்பெயர் என்றால் எப்படியும் கண்டுபிடித்துவிடலாம். ஆளின் பெயரில் பிழை விட்டால் அழைப்பாணை இன்னொருவரின் வீட்டுக் கதவைத் தட்டும். கிண்ணியாவில் ஒரே ஒழுங்கையில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். அடையாள அட்டை இலக்கமும் தகப்பன் பெயரும் இல்லாமல் எதுவும் வெளியே போகக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பாமினி என்ற பழைய கணினி எழுத்துரு பற்றியும் எழுத ஆசைதான். பழைய பைல்களை யுனிகோடுக்கு மாற்றும்போது காணாமல் போகிற எழுத்துகளுக்குத் தனிப் பதிவே வேண்டும். விடுவோம்.

சத்தமாக வாசிக்காத பைல்களும் உண்டு. தண்டனைச் சட்டக்கோவையில் 365ஆ என்ற பிரிவு 1995இல் சேர்க்கப்பட்டது, பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம். அந்தப் பைல்களில் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள். அவர்களின் பெயரை வெளியே விடக் கூடாதென்று சட்டமே இருக்கிறது. எனவே பின்னறையில் கதவைச் சாத்தி, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, விரலால் மட்டும் ஒப்பிடுவார்கள்.

நிலாவெளிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி நன்றாக அடிப்பாள், வேகம். அதனாலேயே அந்த வகைப் பைல்களை வரிசையாக அவளிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது கிழமை அவளுடைய சாப்பாட்டுப் பார்சல் பிரிக்காமலே வீட்டுக்குத் திரும்பிப் போவதைக் கண்டேன். கலியாணம் பேசுகிறார்கள், மெலியப் பார்க்கிறாள் போல என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான். ஒரு நாள் தேத்தண்ணி ஊற்றும்போது அவளே சொன்னாள்: "மிஸ், அந்தப் பிள்ளைக்கு எங்கட அக்காட மகளின்ர வயசு. அவளின்ர சட்டையும் அதே நிறம்."

இப்போது ஒருவருக்கு ஒன்று முடிந்தால் அடுத்தது வேறு வகைதான். கொள்ளை, மோசடி, எதுவோ. "கொலை வழக்கெண்டாலும் தாங்கோ மிஸ்" என்று அவர்களே கேட்டு வாங்குவார்கள்.

சின்ன ஊர், அது இன்னொரு தலையிடி. ஒரு காலை வாசிப்பில் எதிரியின், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவரின், பெயர் வந்ததும் முன்னால் இருந்தவர் அடிமட்டத்தைக் கீழே வைத்துவிட்டார். "மிஸ், இது என்ர மச்சான்." அவரே சொன்னது நல்லதாய்ப் போயிற்று. அந்தப் பைலை வேறு அலுமாரிக்கு மாற்றி, திறப்பை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் மூன்று மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. திறப்பை வாங்கியதை வேறு மாதிரிச் செய்திருக்கலாம், எல்லோருக்கும் முன்னால் கையை நீட்டியிருக்கத் தேவையில்லை.

வாசித்துப் பிழை கண்ட தாள்களை நான் கூடையில் போட விடுவதில்லை. சாயந்தரம் பின்வளவில் அலுவலக உதவியாளர் அண்ணை எரித்து, சாம்பலைக் கிளறிக் காட்டிவிட்டுத்தான் போவார். வளவுக்குள் வருகிற மான்கள் பேப்பர் என்றாலும் விடாது என்பது ஒரு காரணம். மற்றக் காரணம் கடற்கரை. டச்பே பக்கம் வடையும் கடலையும் எதில் சுற்றித் தருவார்கள் என்று தெரியும்தானே. வாங்கினால் முதலில் தாளைப் பிரித்து வாசித்துவிட்டுத்தான் சாப்பிடுவேன், வீட்டில் எல்லோருக்கும் அது பகிடி.

போன ஞாயிறு வந்தது யாரோ ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கணக்குக் கொப்பித் தாள். ஏழாவது கணக்கு பிழை. ரீச்சர் சரி போட்டிருந்தார்.