ஓரியோல்ஸ் இளம் பேட்டர்களை வரிசைப்படுத்திப் பார்த்தேன்: 2022 இறுதி நிலவரம்

அமெரிக்க பேஸ்பால் அணியான பால்டிமோர் ஓரியோல்ஸின் மைனர் லீக் ஆட்டக்காரர்களில் (மேஜர் லீக் என்கிற உச்சநிலைக்குக் கீழே தேறிக்கொண்டிருப்பவர்கள்) பேட்டர்களை மட்டும் எடுத்து, 2022 சீசன் முடிந்த நாளின் நிலவரப்படி மேலிருந்து கீழாக வரிசைப்படுத்துவது. இதுதான் எடுத்துக்கொண்ட வேலை. பந்து எறியும் பிட்ச்சர்கள் கிடையாது. எப்போது காயப்படும் என்று தெரியாத அவர்களின் முழங்கையை நம்பி எந்த வரிசையும் போட முடியாது.

2022ஐ எடுத்ததற்குக் காரணம் வசதிதான். இந்த வருடப் பட்டியலைப் போட்டால், அது தேறியதா என்று பார்க்க நாலைந்து வருடம் காத்திருக்க வேண்டும். 2022 கூட்டத்துக்கு என்ன ஆனது என்பது பெரும்பாலும் கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் தெரிந்ததை மறந்துவிட்டதாக நடிக்கவும் முடியாது. கன்னர் ஹெண்டர்சன் 2023ல் அமெரிக்கன் லீகின் (மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்று) சிறந்த புதுமுகம் ஆனார் என்று தெரிந்த பிறகு அவரை ஆறாவது இடத்தில் யார் போடுவார்கள்? அதனால் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். யாரை எங்கே வைத்தாலும், 2022 நவம்பரில் கையில் இருந்த தகவலை மட்டும் கொண்டு ஒரு வரிக் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுத வரவில்லையென்றால் அந்த இடம் செல்லாது.

ஓரியோல்ஸைத் தேர்ந்தெடுத்தது ஏனென்றால் அங்கே பேட்டர்கள் குவிந்து கிடந்தார்கள். 2018ல் 115 தோல்வி, 2019ல் 108, 2021ல் 110. இப்படித் தோற்றால் டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் வருடாந்தரத் தேர்வில், முன்வரிசை கிடைக்கும். 2018 நவம்பரில் அணியின் பொது மேலாளராகப் பொறுப்பேற்ற மைக் இலையஸ் அந்த முன்வரிசைத் தேர்வுகளை எல்லாம் பேட்டர்கள் மேலேயே செலவழித்தார். 2019ல் முதல் தேர்வு அட்லி ரட்ச்மன், 2020ல் இரண்டாவது தேர்வு ஹெஸ்டன் கர்ஸ்டாட், 2021ல் ஐந்தாவது தேர்வு கோல்டன் கவுசர், 2022ல் மறுபடி முதல் தேர்வு ஜாக்சன் ஹாலிடே. ஒரு பிட்ச்சர்கூட இல்லை.

யார் பட்டியலுக்குத் தகுதி என்பதை முதலில் முடித்துக்கொண்டேன். மேஜர் லீகில் 130 அட்-பேட்டை (பேட்டிங் முறை) தாண்டினால் புதுமுகம் என்ற தகுதி போய்விடும். ரட்ச்மன் 2022 மே மாதமே மேலே போய்விட்டதால் அவர் இல்லை. ஆகஸ்ட் கடைசி நாளில் மேலே வந்த ஹெண்டர்சன் 116 அட்-பேட்டில் நின்றுவிட்டதால் இருக்கிறார். கைல் ஸ்டவர்ஸும் சில வாரம் மேலே ஆடியிருந்தாலும் எல்லைக்குள்தான்.

அப்புறம் எண்கள். ஒருவர் ஆடிய அணி எந்தப் படிநிலை என்று தெரியாமல் அவருடைய எண்ணைத் தொடக்கூடாது. ஓரியோல்ஸுக்கு அப்போது கீழிருந்து மேலாக டெல்மார்வா (சிங்கிள் ஏ), அபர்டீன் (ஹை ஏ), போவி (டபுள் ஏ), நார்ஃபோக் (டிரிபிள் ஏ) என்று நான்கு. அதற்கும் கீழே ஃப்ளோரிடாவின் சாரசோட்டா பயிற்சி மைதானத்தில் ஒரு புதுமுக அணி. ஹோம் ரன் (பந்தை மைதானத்துக்கு வெளியே அடிப்பது), வாக் (நான்கு தப்பான பந்துகளை அடிக்காமல் விட்டு இலவசமாக ஃபர்ஸ்ட் பேஸ் போவது), ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவது) மூன்றையும் ஒவ்வொருவருடைய மொத்த வாய்ப்புகளால் வகுத்து, சேர்த்து, ஒரு மதிப்பெண் வருகிற மாதிரி அட்டவணை போட்டேன்.

மேலே வந்தவர்கள் ஜோர்டன் வெஸ்ட்பர்க், கானர் நார்பி போன்றவர்கள். வெஸ்ட்பர்க் 2022ல் போவியிலும் நார்ஃபோக்கிலும் சேர்ந்து 27 ஹோம் ரன், 106 ஆர்பிஐ (அவர் பேட்டிங்கால் அணிக்கு வந்த ரன்). நார்பி மூன்று நிலைகளில் சேர்ந்து 29 ஹோம் ரன். சாமுவேல் பசாயோ அட்டவணையின் அடியில் எங்கோ கிடந்தார். எண் என்று பார்த்தால் இதில் தவறில்லை. ஆனால் இது போன சீசனில் யார் நன்றாக ஆடினார் என்கிற பட்டியல். நான் போட வந்தது ஐந்து வருடம் கழித்து யார் மேஜர் லீகில் நிற்பார் என்கிற பட்டியல்.

முதல் திருத்தம் வயது. டபுள் ஏ பேட்டர்கள் சராசரியாக 23, 24 வயதில் இருப்பார்கள். ஹெண்டர்சன் 2022 சீசனைப் போவியில் தொடங்கும்போது அவருக்கு வயது 20. அங்கே அவர் ஸ்ட்ரைக் அவுட் ஆனதைவிட அதிக தடவை வாக் வாங்கினார். தன்னைவிட மூன்று நான்கு வயது மூத்த பிட்ச்சர்கள் வெளியே போடும் பந்தைத் தொடாமல் விட அவருக்குத் தெரிந்திருந்தது. நார்பிக்கு 22, வெஸ்ட்பர்குக்கு 23, ஜோயி ஓர்ட்டிஸுக்கும் ஸ்டவர்ஸுக்கும் 24. பசாயோ ஆகஸ்ட் 13ல்தான் 18 முடித்தார். டொமினிக்கன் குடியரசிலிருந்து 2021 ஜனவரியில் 13 லட்சம் டாலருக்கு ஒப்பந்தமானவர். முந்தைய நிர்வாகம் லத்தீன் அமெரிக்கப் பக்கம் ஏறெடுத்தும் பார்க்காததால், அன்றைக்கு அந்த அணியின் சர்வதேச ஒப்பந்தங்களில் அதுதான் பெரிய தொகை. அவருடைய எண்ணையும் நார்பியின் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

வயதைச் சேர்த்ததும் ஹெண்டர்சனும் ஹாலிடேவும் மேலே போய் உட்கார்ந்துவிட்டார்கள். ஹாலிடே ஓக்லஹோமாவிலிருந்து பள்ளி முடித்து நேராக வந்தவர், முன்னாள் மேஜர் லீக் ஆட்டக்காரர் மேட் ஹாலிடேயின் மகன். 2022ல் 20 ஆட்டம்தான் ஆடினார். இருபது ஆட்டத்தை வைத்து எதையும் சொல்லக்கூடாது என்பது என் கட்சி. ஆனாலும் ஸ்ட்ரைக் அவுட்டைவிட வாக் அதிகம், ஷார்ட்ஸ்டாப் (செகண்ட், தேர்ட் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் கடினமான இடம்) ஆடுகிறார், வயது 18 என்ற மூன்றும் ஒரே ஆளிடம் இருக்கும்போது இரண்டாம் இடத்துக்குக் காரணம் எழுதுவது கஷ்டமாக இல்லை.

கஷ்டம் மூன்றிலிருந்து ஒன்பது வரை. இந்த வேலையில் பெரும்பங்கு நேரம் போனது அங்கேதான்.

ஓர்ட்டிஸும் கோபி மேயோவும் ஒருவர் மேல் ஒருவர் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார்கள். மேயோ 2020ல் நான்காம் சுற்றுத் தேர்வு. ஆனால் அந்த இடத்துக்கான தொகையைவிட மிக அதிகமாக, 17.5 லட்சம் டாலர் கொடுத்து எடுத்தார்கள். நல்ல உயரம், தேர்ட் பேஸ், பந்தை அடிக்கும் சத்தமே வேறு. 20 வயதில் போவிக்கு வந்துவிட்டார். ஓர்ட்டிஸ் 2019ல் நான்காம் சுற்று, நியூ மெக்சிகோ ஸ்டேட் கல்லூரி. 2021ல் தோள்பட்டைக் காயம். 2022 முற்பாதி சுமார், பிற்பாதி அபாரம். வயதுக் கணக்கில் மேயோ எங்கோ மேலே. ஆனால் காணொளியைப் போட்டுப் பார்த்தால் ஓர்ட்டிஸின் கை வேகம் என்னை விடவில்லை. தரையில் வரும் பந்தை எடுத்து எறிவதற்குள் அடுத்த காட்சிக்குப் போய்விடலாம் போலிருக்கிறது.

அங்கேதான் அட்டவணையில் புதிதாக ஒரு பத்தி சேர்த்தேன்: ஐந்து வருடம் கழித்து இவர் மைதானத்தில் எங்கே நிற்பார்?

பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் வெகுகாலம் முன்பே சொன்ன விஷயம் இது. களநிலைகள் ஒரு படிக்கட்டு, கடினமானது மேலே. மேல்படியில் ஷார்ட்ஸ்டாப். அடுத்து செகண்ட் பேஸ், சென்டர் ஃபீல்ட், தேர்ட் பேஸ். கீழே கார்னர் அவுட்ஃபீல்ட் (வெளிமைதானத்தின் இடது, வலது ஓரங்கள்), அதற்கும் கீழே ஃபர்ஸ்ட் பேஸ். பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் தனி இனம். வயதும் எடையும் கூடக்கூட ஆட்டக்காரர் இறங்குவார், ஏறுபவர் அபூர்வம். ஒரு படி இறங்கினால், அதே மட்டை முன்பைவிட அதிகம் அடித்தாக வேண்டும், ஏனென்றால் அங்கே எல்லோரும் அடிப்பவர்கள்தான். மேயோ தேர்ட் பேஸில் நிலைத்தால் ஒரு விலை, ஃபர்ஸ்ட் பேஸுக்கு இறங்கினால் வேறு விலை. அவருடைய கால்களைப் பார்த்தால் இறங்குவார் என்றே எனக்குத் தோன்றியது. ஓர்ட்டிஸுக்கு அந்தப் பயம் இல்லை. அவர் சுமாராக அடித்தாலே போதும்.

இந்தப் பத்தியை நிரப்ப ஆரம்பித்ததும் பட்டியல் மள மளவென்று மாறியது. வயதைச் சேர்த்தபோதுகூட இவ்வளவு அசையவில்லை. வெஸ்ட்பர்க் ஷார்ட்ஸ்டாப், தேர்ட், செகண்ட் மூன்றிலும் ஆடுகிறார், ஆக மூன்றாம் இடம் அவருக்கு. ஓர்ட்டிஸ் நான்கு. கவுசருக்கு என்னிடம் ஒரு சந்தேகம்: 2022ல் மூன்று நிலைகளில் 90க்கு மேல் வாக், 150க்கு மேல் ஸ்ட்ரைக் அவுட். பந்தை விட்டுவிட்டே காலம் தள்ளுகிறாரோ என்று பட்டது. ஆனால் சென்டர் ஃபீல்டில் நிற்கக்கூடிய இடதுகை பேட்டர், ஐந்து. மேயோ ஆறு. கர்ஸ்டாட், நார்பி, ஸ்டவர்ஸ் அதற்குக் கீழே.

கர்ஸ்டாடைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டிராஃப்டில் எடுத்த சில மாதங்களில் இதயத் தசை அழற்சி என்று கண்டுபிடித்து, 2021 முழுக்க அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 2022 நடுவில்தான் களத்துக்கே வந்தார். அந்த இலையுதிர் காலத்தில் இளம் ஆட்டக்காரர்கள் ஆடும் அரிசோனா ஃபால் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினார். மனசு அவரை மேலே ஏற்றச் சொல்கிறது. கார்னர் அவுட்ஃபீல்ட் என்கிற பத்தி இறக்கச் சொல்கிறது. ஏழாவது இடத்தில் வைத்துவிட்டு நகர்ந்தேன்.

பசாயோதான் தலைவலி. கேட்சர், ஆனால் ஆறடி நாலங்குலம். தோளில் பீரங்கி இருக்கிறது, முட்டி மடக்கி உட்காரும் உடம்பு இல்லை. மேலே ரட்ச்மன் உட்கார்ந்திருக்கிறார். ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போனால் முழுப் பாரமும் மட்டை மேல். 18 வயதில், புதுமுக அணியைத் தாண்டாத ஒருவருக்கு அந்தப் பத்தியில் எதை எழுதுவது? கடைசியில் எட்டு என்று போட்டு, "இவருக்கு மட்டும் ஒரு இடம் சொல்வது அபத்தம்" என்று குறித்துவைத்தேன். அதன் பிறகு எல்லோருக்கும் இடத்தோடு 20-80 அளவுகோலில் ஒரு தாழ்ந்த மதிப்பும் ஓர் உயர்ந்த மதிப்பும் போட்டேன். திறமையைத் தேடிப் பார்த்து மதிப்பிடும் ஸ்கவுட்டுகளின் அளவுகோல் அது. 50 என்றால் மேஜர் லீக் சராசரி. ஓர்ட்டிஸுக்கு 45-55. பசாயோவுக்கு 30-65. எட்டாவது இடம் என்ற ஒற்றை எண் மறைப்பதை இது காட்டிவிடுகிறது.

ஓரியோல்ஸின் சொந்த மைதானமான கேம்டன் யார்ட்ஸைக் கணக்கில் எடுக்கலாமா என்றும் யோசித்தேன். 2022 சீசனுக்கு முன் அங்கே இடதுபுறச் சுவரைச் சில இடங்களில் 26 அடி வரை பின்னுக்குத் தள்ளி, உயரத்தையும் ஏழு அடியிலிருந்து பதின்மூன்று ஆக்கினார்கள். வலதுகை பேட்டர்களுக்கு அது கொடுமை; மேயோ, வெஸ்ட்பர்க், ஓர்ட்டிஸ், நார்பி எல்லோரும் வலதுகை. ஆனால் நான் ஆளைத்தான் அளக்கிறேன், அவர் எந்த ஊரில் ஆடப்போகிறார் என்பதை அல்ல. விட்டுவிட்டேன். பிறகு 2025க்கு அந்தச் சுவரையே மறுபடி உள்ளே இழுத்துவிட்டார்கள்.

சரி, இப்போது ஒப்பிடலாம்.

ஓர்ட்டிஸ் 2024 பிப்ரவரியில் கார்பின் பர்ன்ஸுக்கு ஈடாக மில்வாக்கி போனார். சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது வாங்கிய ஒருவரை வாங்கும் விலையின் முக்கியப் பகுதி அவர். அங்கே தேர்ட் பேஸ், வில்லி அடாமஸ் கிளம்பியதும் ஷார்ட்ஸ்டாப். 2025ல் மட்டை படுத்துவிட்டது, ஆனாலும் இடம் போகவில்லை. மேயோ 2025ல் ஃபர்ஸ்ட் பேஸுக்கு வந்தார். அந்த டிசம்பரிலேயே அணி பீட் அலான்ஸோவை 15.5 கோடி டாலருக்கு அதே ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஒப்பந்தம் செய்தது. வெஸ்ட்பர்க் 2024ல் ஆல் ஸ்டார் (சீசன் நடுவே நடக்கும் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர்). கவுசர் 2023ல் திணறி, 2024ல் 24 ஹோம் ரன் அடித்து புதுமுக விருதில் இரண்டாமிடம் பிடித்தார், பெரும்பாலும் லெஃப்ட் ஃபீல்டில் நின்று. சென்டரில் ஓடக்கூடிய கால்கள் அந்தப் பெரிய லெஃப்ட் ஃபீல்டுக்குத் தேவையாகவே இருந்தன.

பசாயோ 2023ல், 18 வயதில் 20 ஹோம் ரன் அடித்து போவி வரை ஏறிவிட்டார். 2025 ஆகஸ்டில் மேஜர் லீக் வந்த ஒரே வாரத்துக்குள் எட்டு வருடம், 6.7 கோடி டாலர். 65 என்ற மேல்மதிப்புக்கு நியாயம் கிடைக்கும் போலிருக்கிறது.

என் பட்டியலோடு ஒத்துவராமல் இடிப்பவர் ஸ்டவர்ஸ். என் பத்தியின்படி கார்னர் அவுட்ஃபீல்ட், 24 வயது, ஸ்ட்ரைக் அவுட் அதிகம். ஒன்பதுக்கும் கீழே. 2024 ஜூலையில் அவரையும் நார்பியையும் கொடுத்து மயாமியிடமிருந்து ட்ரெவர் ராஜர்ஸை வாங்கினார்கள். 2025ல் ஸ்டவர்ஸ் 25 ஹோம் ரன்னோடு ஆல் ஸ்டார். செகண்ட் பேஸைத் தாண்ட மாட்டார் என்று நான் எழுதிய நார்பியை மயாமி தேர்ட் பேஸில் நிற்க வைத்தது. 2022 ஆதாரத்தை மறுபடி புரட்டிப் பார்த்தேன். இருவரையும் மேலே ஏற்ற அங்கே ஒரு வரிக் காரணம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. கட்டுப்பாட்டின்படி இடம் அப்படியே இருக்கட்டும்.

அடுத்தது 2023 இறுதிப் பட்டியல். அதில் வேறு சிக்கல். அந்த வருடம் டிரிபிள் ஏ மைதானங்கள் எல்லாவற்றிலும் பந்து ஸ்ட்ரைக் எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்பதை இயந்திரம் சொல்ல ஆரம்பித்தது. வாரத்தின் பாதி ஆட்டங்களில் முழுக்க அதுவே, மீதியில் நடுவரை எதிர்த்து முறையிட்டால் மட்டும். மொத்தத்தில் வாக் எண்ணிக்கை கூடிப்போனது. அந்த வருடம் ஹாலிடே நான்கு நிலைகளையும் ஒரே சீசனில் தாண்டி 101 வாக் வாங்கியிருக்கிறார். 2024 ஏப்ரலில் மேலே வந்து முதல் 34 அட்-பேட்டில் அடித்து பேஸை எட்டியது 2 தடவைதான். நார்ஃபோக்கில் வாங்கிய வாக்குகளை எந்த அளவுக்குக் கழித்துப் பார்ப்பது என்று முடிவு செய்த பிறகுதான் அவருடைய வரிசையில் கை வைக்க வேண்டும். இந்த முறை களநிலைப் பத்தியை ஊகமாக விடாமல், ஒவ்வொருவரும் எந்த இடத்தில் எத்தனை ஆட்டம் நின்றார் என்று எண்ணி நிரப்பிக்கொண்டிருக்கிறேன். பசாயோவின் வரிசை பாதி முடிந்திருக்கிறது.