பாதியில் நின்ற திங்கட்கிழமைகள்

2025 நவம்பர் 3, திங்கள்

காலையில் மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறியதும் ‘திஸ் அமெரிக்கன் லைஃப்’ போட்டேன். கோட்டூர்புரம் வருவதற்குள் நிறுத்திவிட்டேன். போன திங்களும் இதே கதைதான். அதற்கு முந்தின வாரம் தரமணி வரை காதில் ஓடிக்கொண்டிருந்தது. இறங்கிப் படியில் நடக்கும்போது யோசித்தால், கேட்டதில் ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சிகாகோவில் உள்ள டபிள்யூ.பி.இ.இசட். என்ற பொது வானொலி நிலையத்தில் 1995 நவம்பர் 17 அன்று தொடங்கிய வாராந்தர நிகழ்ச்சி இது. முதல் சில மாதங்கள் ‘யுவர் ரேடியோ பிளேஹவுஸ்’ என்று பெயர். நடத்துபவர் அன்றும் இன்றும் ஐரா கிளாஸ். வாரத்துக்கு ஒரு கரு, அதையொட்டி இரண்டு மூன்று உண்மைக் கதைகள், மொத்தம் ஒரு மணி நேரம். நாடகம் போல முதல் அங்கம், இரண்டாம் அங்கம் என்று பிரித்துச் சொல்வார்கள். அமெரிக்காவில் வார இறுதியில் ஒலிபரப்பாகி, நமக்குத் திங்கள் காலையில் போனுக்கு வந்துவிடும். இதை அமெரிக்காவின் தேசியப் பொது வானொலி அமைப்பான என்.பி.ஆர். தயாரிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள், இல்லை. என்.பி.ஆர். நிகழ்ச்சிகளைப் போடும் நிலையங்கள் பலவும் இதையும் போடுகின்றன, அவ்வளவுதான்.

2008லிருந்து என் வாரம் இந்தக் குரலில்தான் தொடங்கியது. அதனால்தான் இன்று நிறுத்தியது மனதை உறுத்துகிறது.

நவம்பர் 5, புதன்

இந்த நிகழ்ச்சி எனக்கு எப்படி வந்தது என்பதை எழுத வேண்டும். இல்லாவிட்டால் அலுப்பைப் பற்றி எழுதுவதில் அர்த்தமில்லை.

அப்போது அம்பத்தூரில் ஒரு நிறுவனத்தில் இரவு ஷிப்ட். அமெரிக்க வீட்டுக்கடன் ஃபைல்களைச் சரிபார்க்கும் வேலை. வருமானச் சான்று இருக்கிறதா, வங்கி ஸ்டேட்மென்ட் இருக்கிறதா, வேலை பார்க்கும் இடத்திலிருந்து கடிதம் இருக்கிறதா என்று பார்த்து டிக் போட வேண்டும். 2006 வாக்கில் பல ஃபைல்களில் அந்தக் கட்டங்கள் ‘தேவையில்லை’ என்றே வர ஆரம்பித்தன. எவ்வளவு சம்பாதிக்கிறேன் என்று கடன் வாங்குபவர் வாயால் சொன்னால் போதும். சில வகைக் கடனுக்கு அதுகூட வேண்டாம். அப்பா இங்கே ஸ்கூட்டர் கடனுக்கு மூன்று மாதச் சம்பளச் சீட்டோடு ஜாமீன் கையெழுத்துக்கும் அலைந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. டீம் லீடரிடம் கேட்டேன். “புராசஸ்ல அப்படித்தான்மா இருக்கு, போட்டுட்டுப் போ” என்றார். 2007 கடைசியில் ஃபைல்கள் குறைந்தன. கொஞ்ச நாளில் எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

2008 மே மாதம் அண்ணன் நியூ ஜெர்சியிலிருந்து ஒரு லிங்க் அனுப்பினான். “நீ பண்ணின வேலைதான் இதுல வருது, கேளு.” அது மே 9 அன்று வந்த ‘தி ஜயன்ட் பூல் ஆஃப் மணி’. அலெக்ஸ் பிளம்பர்க், ஆடம் டேவிட்சன் இருவரும் செய்தது. மொட்டை மாடியில் அம்மா வடாம் பிழிந்து காயவைத்திருந்தாள். காக்காய்க்குக் காவல் நான். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தண்ணீர் டேங்க் நிழலில் உட்கார்ந்து கேட்டேன்.

உலகம் முழுக்கச் சேமிப்பாக முதலீடு தேடிய பணம் சுமார் 70 லட்சம் கோடி டாலர். 2000க்குப் பிறகு ஆறேழு வருடத்தில் அது இரட்டிப்பாகிவிட்டது. அமெரிக்க மத்திய வங்கி வட்டியை 1 சதவீதத்துக்கு இறக்கியதும் அந்தப் பணத்துக்குப் போக நல்ல இடம் இல்லை. வீட்டுக்கடன்களை மூட்டையாகக் கட்டிப் பத்திரமாக்கி விற்றார்கள். வாங்க ஆள் வரிசையில் நின்றது. தகுதியுள்ளவர்களுக்கெல்லாம் கடன் கொடுத்துத் தீர்ந்ததும் தகுதியைத் தளர்த்திக்கொண்டே போனார்கள். கடைசியில் வருமானமும் கேட்காமல் சொத்தும் கேட்காமல் ஒரு கடன், அதற்கு நினா என்று பெயர். நான் ராத்திரி மூன்று மணிக்கு டிக் போட்ட அதே எழுத்துகள்!

அதில் கடன் வாங்கிய ஒருவர், நானாக இருந்தால் எனக்குக் கடன் கொடுத்திருக்க மாட்டேன் என்கிறார். சாதாரணமாகச் சொல்கிறார். நான் எழுந்து நின்றுவிட்டேன். என் வேலை ஏன் இருந்தது, ஏன் போனது என்று எனக்கு விளக்கிச் சொன்ன முதல் ஆட்கள் முன்பின் தெரியாத இரண்டு வானொலிக்காரர்கள். அன்றிலிருந்து ஒரு வாரம்கூட விடாமல் கேட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

அலுப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பழையதும் புதியதுமாக மாற்றி மாற்றிக் கேட்டேன்.

ஐரா கிளாஸ் தன் முறையை ஒளித்து வைத்ததில்லை. கதைக்கு இரண்டு பாகம்தான் என்று பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். முதலில் சம்பவம், இது நடந்தது, அடுத்து இது நடந்தது என்று. அப்புறம் ஒரு நிமிடம் நின்று, இதெல்லாம் எதற்காகச் சொன்னோம் என்பது. மாறி மாறி இந்த இரண்டும். இதற்குத் துணை இசை. சம்பவம் நடக்கும்போது கீழே மெல்ல ஓடும். முக்கியமான வாக்கியம் வரும்போது சட்டென்று நிற்கும். அந்த வெறும் இடத்தில் வாக்கியம் விழும்போது நமக்கு நெஞ்சில் படும். அருமையான கைவேலை, சந்தேகமே இல்லை.

ஆனால் இத்தனை வருடம் கேட்ட காதுக்கு இசை எங்கே நிற்கப் போகிறது என்பது பத்து விநாடி முன்பே தெரிந்துவிடுகிறது. வாக்கியம் வருவதற்கு முன்பே நான் தயாராகி நிற்கிறேன். வந்த பிறகு ஒன்றும் நடப்பதில்லை. பேட்டி கொடுப்பவர் அழப் போகிறார் என்றால், எடுப்பவர் “ம்ம்” என்று சொல்லும் தொனியிலேயே தெரிகிறது. காதைப் பழக்கியவர்கள் அவர்கள். அந்தக் காதுதான் இப்போது தையலை எண்ணிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. அப்போது கேட்ட கதைகளில் எனக்குத் தெரியாத ஒரு ஏற்பாடு இருக்கும். பணம் எப்படிச் சுற்றுகிறது, ஒரு பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது என்று. இப்போது நான் பாதியில் நிறுத்தியவற்றில் பெரும்பாலும் ஒருவர் தன் மனதுக்குள் என்ன நடந்தது என்று இன்னொருவருக்கு விளக்குகிறார். அது வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒருவர் மனதைத் திறப்பதும் ஒரே அளவில், ஒரே வேகத்தில் வாராவாரம் நடந்தால் நம்புவது கஷ்டம். சரி, மறுஒலிபரப்பும் நிறைய வருகிறது. அது எனக்குப் பெரிய குறை இல்லை. சில சமயம் அதுதான் நன்றாக இருக்கிறது.

நவம்பர் 11, செவ்வாய்

அம்மாவிடம் சொன்னேன். “முப்பது வருஷமா ஒரே மனுஷன் பேசினா அலுக்காம என்னடி பண்ணும்?” என்றாள்.

“தென்கச்சி அலுத்தாரா உனக்கு?”

அம்மா பதில் சொல்லாமல் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்புறம், “அது வேற” என்றாள்.

எது வேறு என்று நான்தான் ராத்திரி வரை யோசித்துக்கொண்டிருந்தேன். தென்கச்சி கோ. சுவாமிநாதனின் ‘இன்று ஒரு தகவல்’ சென்னை வானொலியில் காலையில் வரும். விவசாயம் படித்துவிட்டு வானொலிக்கு வந்தவர். கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போல ஏற்ற இறக்கம் இல்லாத குரல். நான் பள்ளிக்கூடத்துக்குச் சடை பின்னிக்கொள்ளும் நேரம் அது. எங்கள் தெருவில் நடந்துபோனால் வீட்டுக்கு வீடு அவர் குரல் தொடர்ந்து கேட்கும், ஒரு வாக்கியமும் விட்டுப்போகாது. சில நிமிடம்தான். ஒரு தகவல், கடைசியில் ஒரு நகைச்சுவைக் கதை. அதுவும் அச்சில் வார்த்த அமைப்புதான். கடைசியில் ஜோக் வரப்போகிறது என்று ஊருக்கே தெரியும். 2009இல் அவர் இறந்தபோதும் அம்மா அந்த ஜோக்குகளைத்தான் சொல்லிச் சொல்லி அழுதாள்.

அமைப்பு தெரிந்துவிட்டதால் அலுக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை எழுதினேன். முழுக்கச் சரியில்லை போலிருக்கிறது. தென்கச்சி ஜோக்கைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். சிரிப்பதும் சிரிக்காததும் நம் பாடு. நாம் நெகிழ வேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. ஐரா கிளாஸ் ஆட்கள் இப்போது இசையை நிறுத்திவிட்டு எனக்காகக் காத்திருக்கிறார்கள். வாராவாரம் யாரோ என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கிறது, அதுதான் களைப்பு.

நவம்பர் 14, வெள்ளி

ரயிலில் ‘ரிட்ராக்‌ஷன்’ மறுபடி கேட்டேன். இதே நிகழ்ச்சியில் வந்ததுதான், சொன்னதைத் திரும்பப் பெறுவது என்று அர்த்தம். 2012 ஜனவரியில் மைக் டெய்சி என்பவர் சீனாவில் ஆப்பிள் பொருள்கள் செய்யும் தொழிற்சாலைகளைப் பார்த்ததாகச் சொன்ன கதையை ஒலிபரப்பினார்கள். ராப் ஷ்மிட்ஸ் என்ற வானொலிச் செய்தியாளர் டெய்சியின் மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் பிடித்துக் கேட்டபோது பல விஷயங்கள் நடக்கவேயில்லை என்று தெரிந்தது. மார்ச் 16 அன்று ஒரு மணி நேரம் முழுவதையும் அந்தத் தவறைச் சொல்லவே ஒதுக்கினார்கள். எந்தப் பத்திரிகை இங்கே அப்படி முதல் பக்கத்தைக் கொடுக்கும்?

இன்று நான் கவனித்தது அந்த மௌனங்களை. கிளாஸ் நேராகக் கேட்கிறார், டெய்சி பதில் சொல்லாமல் இருக்கிறார். நீளமாக, சங்கடமாக, வானொலியில் யாரும் விடாத அளவுக்கு விட்டிருக்கிறார்கள். அடுத்து என்ன வரும் என்று இத்தனை முறை கேட்டும் எனக்குத் தெரிந்த மாதிரியே இல்லை. கஸ்தூரிபா நகரில் பக்கத்தில் இருந்த பெண் எழுந்திருக்க வழி கேட்டதுகூட என் காதில் விழவில்லை.

இது மாதிரி மௌனத்துக்கு நான் இன்னும் எத்தனை வருடம் வேண்டுமானாலும் காத்திருப்பேன். இசையை நிறுத்திச் செய்த மௌனம் வேறு.

நவம்பர் 17, திங்கள்

இன்றோடு நிகழ்ச்சிக்கு முப்பது வருடம். அண்ணன் போனில் கோபித்துக்கொண்டான். “இந்த நேரத்துல போய்க் குறை சொல்லணுமா?” அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஜூலையில்தான் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அந்தப் பணத்தை நிலையங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவந்த கழகம் ஆகஸ்டில் மூடுவிழா அறிவித்தது. பெரிய நகரத்து நிலையங்கள் நேயர் நன்கொடையில் தாக்குப்பிடிக்கும். சின்ன ஊர்களில் உள்ளவை பாடு திண்டாட்டம்.

ஆனால் எனக்கு அலுத்தது ஒரு நிகழ்ச்சி. பொது வானொலி வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். விளம்பரக்காரருக்குப் பயப்படாமல் ஒரு மணி நேரம் கடன் பத்திரத்தைப் பற்றிப் பேச வேறு யாரால் முடியும்? இவர்களிடமிருந்துதான் 2014இல் ‘சீரியல்’ என்ற ஒலித்தொடர் வந்தது, பாட்காஸ்ட் என்றால் என்ன என்று பாதி உலகத்துக்கு அதுதான் சொல்லிக்கொடுத்தது. 2020இல் ஒலி இதழியலுக்கு முதல்முறையாகப் புலிட்சர் பரிசு கொடுத்தபோது இவர்களுக்குத்தான் கொடுத்தார்கள். அந்த வெற்றியும் என் அலுப்புக்கு ஒரு காரணம். எந்த பாட்காஸ்டைத் திறந்தாலும் அதே தயங்கித் தயங்கிப் பேசும் குரல், அதே நின்று எழும் இசை. தமிழிலும் வந்துவிட்டது. தென்கச்சி பேசிய மொழியில் ஒருவர் எதற்கு இப்படி மூச்சை இழுத்து இழுத்துப் பேச வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

கார் ரிப்பேர் பற்றிச் சிரிக்கச் சிரிக்கப் பேசும் ‘கார் டாக்’ என்ற அமெரிக்க வானொலி நிகழ்ச்சியை நடத்திய சகோதரர்கள் 2012இல் தாங்களாகவே புதிய நிகழ்ச்சிகளை நிறுத்திக்கொண்டார்கள். அண்ணன் டாம் 2014இல் இறந்த பிறகும் பழைய பதிவுகள் ஓடின, சிரிப்புச் சத்தத்தோடு. ஐரா கிளாஸ் நிறுத்த வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இன்று புதிதாகக் கேட்க வருபவனுக்கு அவர் வேண்டும்.

நவம்பர் 20, வியாழன்

நிகழ்ச்சி தானாக டவுன்லோட் ஆகும் அமைப்பைப் போனில் எடுத்துவிட்டேன். நிகழ்ச்சிக்குக் கொடுக்கும் நன்கொடையை நிறுத்தவில்லை. ராத்திரி அம்மாவுக்கு டிரான்சிஸ்டரில் பேட்டரி மாற்றிக் கொடுத்தேன். வேறொன்றும் எழுத இல்லை.

நவம்பர் 23, ஞாயிறு

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன், நான் எதையோ கேட்டுக்கொண்டே வருவதைப் பார்த்துவிட்டு, “நல்லதா எதாவது சொல்லுங்கக்கா” என்று கேட்டிருந்தான். மூன்று எழுதி அனுப்பினேன்.

முதலில் 355ஆம் எபிசோட், ‘தி ஜயன்ட் பூல் ஆஃப் மணி’. அடுத்து 487, 488 இரண்டும் சேர்த்து: சிகாகோவின் ஹார்ப்பர் உயர்நிலைப் பள்ளி, ஒரே வருடத்தில் அங்கே படித்த, படிக்கும் 29 பேர் சுடப்பட்டார்கள். அங்கே ஐந்து மாதம் இருந்து பதிவு செய்தது. மூன்றாவது 513, நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் ஒரு கார் விற்பனையகம். மாதக் கடைசிக்குள் 129 கார் விற்றாக வேண்டும், விற்றால்தான் கம்பெனியிடமிருந்து பெரிய போனஸ் வரும். மாதக் கணக்கு முடிக்கும் எங்கள் பிரிவில் இருக்கும் எவனுக்கும் இது புரியும், விற்பனையாளர்கள் கத்துவது, மேனேஜர் கெஞ்சுவது எல்லாம். இந்த மூன்றையும் கேள், பிடித்தால் உனக்கு வேண்டியதை நீயே தேடிக்கொள், வாராவாரம் வருவதையெல்லாம் கேட்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளாதே என்றும் எழுதினேன்.

சாயங்காலம் மெசேஜ் வந்தது. கடைசியாகச் சொன்னதை முதலில் போட்டிருக்கிறான். “பாதி வந்துட்டேன், 129ம் வித்துதா அக்கா?”

சொல்ல மாட்டேன், மீதியைக் கேள் என்று பதில் போட்டேன்.